ஃபைடோ கணவாய்: பழைய வாட்டர்கலர் ஒன்றைப் பார்க்கப் பழகுவது எப்படி

பழைய வாட்டர்கலர் படங்கள் முன்னால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். "அழகா இருக்கு" என்று ஐந்து விநாடி நிற்போம், அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். அதில் என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் அப்படித்தான் பல வருஷம் நகர்ந்துகொண்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் வீம்புக்கு ஒரே ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பத்து நாள், தினமும் அரைமணி நேரம், அதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று உட்கார்ந்தேன். அந்தப் பத்து நாளில் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபோனோ லேப்டாப்போ ஒன்று, ஏ3 தாள் ஒன்று, ஒரு பென்சில். கடைசிப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் கலரும் பிரஷும் வேண்டும்.

முதலில் படம் எது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1843-ல் வரைந்த 'ஃபைடோ கணவாய், செயின்ட் கோட்ஹார்ட்'. இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தெற்குப் பக்கம், இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ பகுதியில் ஃபைடோ என்று ஒரு சிறிய ஊர். ஆல்ப்ஸ் மலையின் கோட்ஹார்ட் கணவாயைத் தாண்டி இறங்கி வரும் சாலை அந்த ஊரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், டிச்சினோ ஆறு குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து வெளிப்படும் இடம்தான் படத்தில் இருப்பது. நடுவில் நம்மை நோக்கிப் பாயும் தண்ணீர், முன்னால் உருண்டு கிடக்கும் பாறைகள், இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, வலது பக்கம் சாலை. அவ்வளவுதான் படம். தேடுபொறியில் டர்னர், ஃபைடோ, மோர்கன் என்று போட்டால் அருங்காட்சியகத்தின் பக்கம் கிடைக்கும். அங்கிருந்தே திறந்துகொள்ளுங்கள். போஸ்டர் விற்கும் தளங்களிலிருந்து எடுக்காதீர்கள். அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறேன், மலை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தது, நான் ரொம்ப நாள் டர்னரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வேலை: அளவு

திரையில் எல்லாப் படமும் ஒரே அளவுதான். உள்ளங்கை அளவு படமும் சுவர் அளவு படமும் ஃபோனில் ஒரே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த ஏ3 தாளை மேசையில் படுக்கை வாட்டில் வையுங்கள். இந்தப் படம் ஏறக்குறைய 30 செ.மீ உயரம், 47 செ.மீ அகலம். அதாவது உங்கள் தாளைவிட அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல், உயரத்தில் கிட்டத்தட்ட அதேதான். ஆல்ப்ஸ் மலை, ஆறு, பாறைகள், சாலை எல்லாம் சேர்ந்து அந்தத் தாளுக்குள் அடங்குகிறது. மடியில் வைத்துப் பார்க்கும் அளவு. முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் இது, ஹாலின் மறுகோடியிலிருந்து பார்ப்பதற்கானது இல்லை. நீங்கள் திரையில் பெரிதாக்கிப் பார்க்கப்போகும் சின்னச் சின்னக் கோடுகள் ஏன் இவ்வளவு நெருக்கம் என்பது இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் புரியும்.

இரண்டாவது: வெள்ளை எங்கே இருக்கிறது

இப்போது படத்தைத் திறந்து, மலையை மறந்துவிட்டு, வெளிச்சமான இடங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். தண்ணீரின் நுரை, மேலே மூடுபனி, பாறைகளின் விளிம்பு.

எண்ணெய் ஓவியத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளைப் பெயின்ட்டை எடுத்து மேலே வைத்துவிடலாம். வாட்டர்கலரில் வெளிச்சம் பெரும்பாலும் தாளின் நிறம். மெல்லிய கலர் தண்ணீரை ஒன்றன்மேல் ஒன்றாக விடுவார்கள், வரைகிறவர்கள் இதை 'வாஷ்' என்பார்கள். எந்த இடத்தில் வாஷ் விடாமல் தாளைச் சும்மா விட்டார்களோ அதுதான் படத்தின் அதிகபட்ச வெளிச்சம். அதனால் வாட்டர்கலர்க்காரர் படத்தைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். எங்கே எதையும் செய்யாமல் இருக்கப்போகிறேன் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய வாட்டர்கலர் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் வெள்ளைக்குத்தான் போகிறது.

ஆனால் டர்னர் கொஞ்சம் கள்ளாட்டம் ஆடுகிறவர். விட்டுவைத்த வெள்ளை போதாவிட்டால் காய்ந்த கலரைச் சுரண்டி எடுத்து அடியிலிருக்கும் தாளை வெளியே கொண்டுவந்துவிடுவார். பெரிதாக்கி, தண்ணீர் பாயும் இடத்தையும் பாறை விளிம்புகளையும் பாருங்கள். கூர்மையான, கொஞ்சம் சொரசொரப்பான வெள்ளைக் கீறல்கள் தெரிகிறதா? அவை கத்தி முனையாலோ நகத்தாலோ சுரண்டியவை. ஓரம் மழுங்கி, மேகம்போல் மெல்லக் கரையும் வெளிச்சம் வேறு வகை. அங்கே ஈரத் துணியாலோ ஸ்பாஞ்சாலோ கலரை ஒற்றி எடுத்திருப்பார். 1818-ல் யார்க்‌ஷையரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு போர்க்கப்பலை வரைந்து முடித்தார். பக்கத்திலிருந்து பார்த்த அந்த வீட்டுப் பையன், தாள் ஊறும்வரை கலரை ஊற்றிவிட்டு, கிழித்தும் சுரண்டியும் தேய்த்தும் பைத்தியம் பிடித்தவர்போல் வேலை செய்தார் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

தாள் எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். கெண்ட் பகுதியில் வாட்மேன் என்ற குடும்பப் பெயரில் வந்த கைத்தாளை அந்தக் காலத்து ஆங்கில ஓவியர்கள் விரும்பி வாங்கினார்கள். கந்தல் துணிக்கூழில் செய்து ஜெலட்டின் பூசிய கெட்டித் தாள். அந்த ஜெலட்டின்தான் கலரை உடனே உறிஞ்சவிடாமல் மேலேயே நிறுத்தும். கழுவலாம், ஒற்றலாம், சுரண்டலாம். நம்மூர் ஸ்கூல் டிராயிங் நோட்டில் இதைச் செய்து பார்த்தால் ஓட்டைதான் மிச்சம்.

மூன்றாவது: கலரை அணைத்துவிடுங்கள்

ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஃபோனின் எடிட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, கண்ணை எந்த வழியாக இழுத்துப் போகிறது, இது மட்டும்தான் கேள்வி. பென்சிலால் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கிறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷம் போதும்.

நான்காவது: சாலையில் யார் வருகிறார்கள்

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அவசரப்படாதீர்கள்.

வலது பக்கம் கீழே, சாலையில், ஒரு குதிரை வண்டி இருக்கிறது. மூன்றாவது நாள்தான் என் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பூச்சி அளவுக்கு அதை வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு மறுபடி மலையைப் பாருங்கள், சட்டென்று இரண்டு மடங்கு உயர்ந்துவிடும். அளவுக்காக ஒரு ஆளை வைப்பது பழைய தந்திரம்தான். ஆனால் இந்த வண்டிக்கு வேறு வேலையும் இருக்கிறது.

கோட்ஹார்ட்டில் குதிரை வண்டிச் சாலை முழுமையாக முடிந்தது 1830-ல்தான். அதற்கு முன்னால் கோவேறு கழுதையில் போவதும் நடந்து போவதும்தான். டர்னர் முதல் தடவை அந்தப் பக்கம் போனது 1802-ல், வயது 27. அந்தப் பயணத்தை வைத்து 1804-ல், கோட்ஹார்ட் வழியில் இருக்கும் பிசாசுப் பாலத்திலிருந்து பார்க்கும் மலைப்பாதை ஒன்றைப் பெரிய வாட்டர்கலராக வரைந்தார், இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் இருக்கிறது. அதையும் தேடி எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளிம்புப் பாதை, அதில் சுமையோடு கோவேறு கழுதைகள். நாற்பது வருஷம் கழித்து, 68 வயதில், அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில் அவர் வரைவது தடுப்புச் சுவரும் தாங்கும் ஆர்ச் வளைவுகளும் கட்டிய சாலை, அதில் குதிரை வண்டி. ஒரே மனிதர், ஒரே கணவாய், நடுவில் ரோடு வந்துவிட்டது.

ரோடு வந்துவிட்டதே தவிர மலை அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 1834-லும் 1839-லும் வந்த வெள்ளங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் சாலையையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயின. முன்னால் கிடக்கும் பாறைகளை அதை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள். எங்கேயோ உயரத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. டர்னரே இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது தான் வரைய முயன்ற அந்தக் கற்குப்பை என்றுதான் குறிப்பிட்டாராம்.

ஐந்தாவது: மாதிரிப் படத்தோடு ஒப்பிடுங்கள்

டர்னர் இதை எப்படி விற்றார் என்பது தெரிந்தால் அடுத்த வேலை சுலபம். தையற்கடையில் துணி மாதிரி காட்டி ஆர்டர் எடுப்பார்களே, அதே கதை. 1842-ல் அவர் சுவிட்சர்லாந்து மாதிரிப் படங்கள் பதினைந்தைக் கிரிஃபித் என்ற ஓவிய வியாபாரியிடம் கொடுத்தார். வாடிக்கையாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதை வைத்து முழுப்படம் செய்து தருவார், விலை 80 கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்). அவற்றுள் ஒன்றான 'நீல ரிகி' 2006-ல் லண்டன் ஏலத்தில் 58 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது, ஆனால் 1842-ல் பத்துப் படத்துக்கு ஆள் பிடிப்பதே கிரிஃபித்துக்குப் பெரும்பாடாக இருந்தது. கிழவர் முன்னைப்போல் தெளிவாக வரைவதில்லை என்று வாங்குகிறவர்களுக்கு மனக்குறை. மறுவருஷம் ஆர்டர் இன்னும் குறைந்துவிட்டது. அப்போது ஃபைடோவை ஆர்டர் செய்து வாங்கிக்கொண்டவர், பின்னாளில் கலை விமர்சகராகப் பெயர் பெற்ற 24 வயது ஜான் ரஸ்கின். பணம் ஷெர்ரி ஒயின் வியாபாரியான அப்பாவுடையது. காந்தி 1904-ல் டர்பனுக்குப் போகும் ரயிலில் இரவு முழுக்க ஒரு புத்தகத்தைப் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டாரே, அதை எழுதிய அதே ரஸ்கின்.

ஃபைடோவின் மாதிரிப் படம் லண்டனில் டேட் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். இரண்டையும் இரண்டு ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். மாதிரியில் பரந்த, அவசரமான வாஷ்கள். முழுப்படத்தில் அதே அமைப்பின்மேல் மெல்லிய பிரஷ் முனைக் கோடுகள் ஆயிரக்கணக்கில். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரியில் அங்கே என்ன இருக்கிறது, முழுப்படத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் பார்த்தால் ஒன்றும் நிற்காது, சொல்லிவிட்டேன்.

எனக்கு எது பிடிக்கும் என்றால், சில நாள் மாதிரிதான். முழுப்படத்தில் கோடுகள் கொஞ்சம் அதிகம் என்றுகூடத் தோன்றும். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் சந்தோஷம்.

ஆறாவது: அந்த இடம் உண்மையில் எப்படி இருந்தது

படத்தை வாங்கி இரண்டு வருஷம் கழித்து, 1845-ல், ரஸ்கின் நேராக அந்த இடத்துக்கே போய் நின்றார். கற்கள் இருந்தன, சாலை இருந்தது. மலை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் குட்டையாக இருந்தது! அங்கேயே உட்கார்ந்து இடத்தை உள்ளது உள்ளபடி வரைந்துகொண்டு வந்தார். பிறகு 1856-ல் வெளியிட்ட தன் நூல் பாகம் ஒன்றில் அந்த நிஜ அமைப்பையும் டர்னரின் அமைப்பையும் இரண்டு தனித்தனிப் படங்களாக அச்சிட்டு, வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய நூல் என்பதால் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கும், 'நவீன ஓவியர்கள்', நான்காம் பாகம்.

அவர் சொல்வதன் சாரம் இது. அந்த இடம் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விசேஷமானது இல்லை. பள்ளத்தில் சில மரங்கள் நின்றன. கற்களின் முரட்டுத்தனத்துக்கு அவை ஒத்துவராது என்று டர்னர் அவற்றை வெட்டிவிட்டார். முன்னால் ஒரு மெல்லிய பாலம் இருந்தது. இவ்வளவு ஆவேசமான ஆற்றின்மேல் இப்படி ஒரு பாலம் நிற்பதா என்று அதை இடித்துவிட்டு, தண்ணீரின் வேகம் குறைந்த தூரத்தில் இன்னொரு பாலத்தை வைத்துக்கொண்டார். வலது பக்கச் சாலை, மலைச்சாலை என்று நம்பும் அளவுக்கு உயரமான வளைவுகள்மேல் நிற்கவில்லை. அதனால் வளைவுகளை உயர்த்தி, கரையைச் செங்குத்தாக்கி, கணவாயின் மேல்பகுதியில் பார்த்த ஒரு நினைவையும் அதில் கொண்டுவந்து சேர்த்தார்.

அப்போ இது பொய்ப் படமா? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. ரஸ்கினின் வாதம் வேறு. அந்த இடத்துக்கு யாரும் வானத்திலிருந்து குதித்து வருவதில்லை. காலையிலிருந்து கோட்ஹார்ட்டின் உச்சிகளைப் பார்த்து, ஆல்ப்ஸின் மிகக் குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகுதான் இந்த வளைவுக்கு வருகிறார்கள். தலைக்குள் அந்த உயரமெல்லாம் இன்னும் நிற்கிறது. மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாலு மணி நேரம் இறங்கியவர்களுக்கு இது தெரியும். சமவெளிக்கு வந்த பிறகும் ஒவ்வொரு சின்னத் திருப்பத்திலும் வயிறு ஒரு தடவை புரளும். டர்னர் வரைந்தது அந்த வயிற்றோடு பார்த்த இடத்தை. வண்டி அங்கே இருப்பதன் இன்னொரு காரணமும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவ்வளவு வழியும் கடந்து வந்த பயணி அதற்குள் இருக்கிறார், படத்தை நாம் அவருடைய தலையோடு பார்க்க வேண்டும்.

இங்கே செய்ய வேண்டிய பயிற்சி: வரைபடத்தில் லூசர்ன் ஏரியிலிருந்து தொடங்கி ஆண்டர்மாட், 2,100 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கணவாய், அங்கிருந்து ஐரோலோ, ஃபைடோ என்று விரலால் இறங்குங்கள். ஐரோலோவுக்கும் கணவாய்க்கும் நடுவில் பழைய சாலை மடிந்து மடிந்து போவதைப் படமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி ஓவியத்துக்கு வாருங்கள்.

ஏழாவது: நிறத்தை நம்புவதற்கு முன்

திரை ஒருபுறம் ஏமாற்றும், காலம் மறுபுறம். வாட்டர்கலருக்கு வெளிச்சம்தான் எதிரி. இது சும்மா பயம் இல்லை, 1888-லேயே ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் பிரிட்டிஷ் அரசுக்காகச் சோதித்து, பல நிறங்கள் வெளிச்சத்தில் மங்குவதை அறிக்கையாகவே கொடுத்தார்கள். பழைய படங்களில் வானம் காரணமில்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அவுரி நீலத்தையும் செம்மண் சிவப்பையும் கலந்து சாம்பல் மேகம் போட்டிருப்பார்கள், அவுரி வெளுத்துப்போய் சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். டர்னருக்குச் சீக்கிரம் மங்கும் கலர்களை வாங்கும் பழக்கம் உண்டு. கலர் வியாபாரி வின்சர் அதை எடுத்துச் சொன்னபோது, கலர் செய்வது உன் வேலை, பயன்படுத்துவது என் வேலை என்று வாயை அடைத்ததாக ஒரு கதை சொல்வார்கள்.

இதனால்தான் இத்தகைய படங்களை அருங்காட்சியகங்கள் வருஷம் முழுக்கச் சுவரில் மாட்டி வைப்பதில்லை. சில மாதம் 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இது புதியவர்களுக்குத் தெரியாத விஷயம்: படத்தைப் பார்ப்பதற்காகவே பயணம் போவதாக இருந்தால், அது அப்போது காட்சியில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன் போகிறவர்களுக்கு இன்னொரு வழி, டேட் பிரிட்டனில் தாள் ஓவியங்களுக்கென்று தனி அறை இருக்கிறது. முன்பதிவு செய்தால், கேட்ட படத்தை எடுத்து முன்னால் வைப்பார்கள். பென்சிலைத் தவிர எழுதுபொருள் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

எட்டாவது: தபால் அட்டை அளவில் ஒரு பிரதி

நன்றாக வர வேண்டும் என்று நினைத்தால் கை நடுங்கும். இது பார்ப்பதற்கான பயிற்சி, அவ்வளவுதான். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) காட்டன் தாளில் ஒரு துண்டு, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம் மூன்று கலர், பெரிய பிரஷ் ஒன்று, சின்ன பிரஷ் ஒன்று, பழைய ஷேவிங் பிளேடு ஒன்று. வேறு கலர் வாங்காதீர்கள், வாங்கினால் அதையெல்லாம் போட்டுத் தொலைப்போம்.

மிக மெல்லிய பென்சில் கோட்டில் மலைச்சரிவு, ஆறு, சாலை. ஆற்றுக்கு நடுவில் ஒரு தடம் வெள்ளையாக விடுவதென்று முடிவு செய்துவிட்டு, தூரத்துப் பகுதியை நனைத்து நீலமும் கொஞ்சம் சியன்னாவும் விடுங்கள், தானாகப் பரவட்டும். கை பரபரக்கும், தொடாதீர்கள். காய்ந்த பிறகு பக்கத்து மலைகளுக்கு அடுத்த வாஷ், அதுவும் காய்ந்த பிறகு பாறைகளின் நிழல் சின்ன பிரஷ் முனையால். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருப்பதுதான் வேலையில் பாதி, அந்த நேரத்தில் டீ போட்டுக் குடிக்கலாம்.

பிளேடு கடைசியில். தாள் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும், புறங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். நான் பொறுக்கமாட்டாமல் ஈரத்தில் சுரண்டி, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு பிய்த்ததுபோல் ஒரு குழியை உண்டாக்கி வைத்திருக்கிறேன், இன்றைக்கும் அது நோட்டில் இருக்கிறது. பிளேடைப் படுக்கவைத்து, மூலையால் மட்டும், தண்ணீர் ஓடும் திசையில் நாலைந்து இழுப்பு. போதும்.

அப்புறம் வண்டி. வலது பக்கம் கீழே, சாலையில், சின்ன பிரஷ் முனையால் இரண்டு இருண்ட புள்ளிகள், குதிரைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. இதை முதலிலேயே போட்டுவிடாதீர்கள், எல்லாம் காய்ந்த பிறகு போடுங்கள், போட்டுவிட்டு உடனே தலையை நிமிர்த்தி மலையைப் பாருங்கள்.